எம்.சி. ராஜாவும் ஒரு சட்டச் சொல்லும்: மாற்றுத்திறனாளிகள் வரலாற்றை எங்கிருந்து படிப்பது?

மாதவரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அரசமைப்புச் சட்டத்தை வரிவரியாகப் படிக்கும் சிறு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். திருவொற்றியூர், மணலி, எண்ணூர், இராயபுரம் பகுதிகளின் கல்லூரி மாணவர்களே பெரும்பாலும் வருகின்றனர். அவர்களுள் ஒருவர் பார்வையற்ற தலித் மாணவி, வரலாறு படிக்கிறார். எழுத்தைக் குரலாக மாற்றும் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஆங்கில மூலத்தைக் காதால் படிப்பவர். 17ஆம் உறுப்பைக் கேட்டு முடித்ததும் அவர் ஓர் ஐயம் எழுப்பினார். தீண்டாமையை ஒழிக்கும் அந்த உறுப்பில் ‘டிசபிலிட்டி’ என்ற சொல் வருகிறதே, அது தம்மைப் போன்ற மாற்றுத்திறனாளிகளையும் குறிக்கிறதா என்பதே அந்த ஐயம்.

அந்தச் சொல் அங்கே சாதியைப் பற்றியது, உடலைப் பற்றியதன்று என்று சட்டம் படித்த பழக்கத்தில் உடனே விடையளித்தோம். விடை தவறில்லை, ஆனால் போதவில்லை என்பது வீடு திரும்பும் வழியிலேயே உறைத்தது. சாதியால் வந்த விலக்கலைக் குறிக்க ஏன் அந்தச் சொல்? அது எங்கிருந்து வந்தது? இவ்வினாவின் பின்னால் போனபோது நாம் சென்று நின்ற இடம், சென்னையில் பிறந்து வளர்ந்த ஓர் ஆதிதிராவிடர் தலைவரின் வாழ்க்கை. அவர் மயிலை சின்னத்தம்பி ராஜா. பாடநூல்கள் அவருக்கு ஒரு வரி தருகின்றன; அதுவும் பெரும்பாலும் 1932ஆம் ஆண்டு அம்பேத்கரோடு அவர் மாறுபட்டதைப் பற்றிய வரி. அந்த வரிக்கு வெளியே உள்ள ராஜாவை இங்கே பேச விரும்புகிறோம்.

பரங்கிமலையிலிருந்து மேலவை வரை

எம்.சி. ராஜா 1883 ஜூன் 17 அன்று சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் வெஸ்லி கல்லூரியிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் பள்ளி ஆசிரியரானார். பாடநூல்களும் எழுதினார்.

ஆசிரியராக இருந்ததனால் விலக்கலின் முதல் இடம் எது என்பதை அவர் அன்றாடம் கண்டிருப்பார். அக்காலத்துப் பொதுப் பள்ளிகள் பலவும் அக்கிரகாரத்திலோ, கோயிலை ஒட்டிய இடத்திலோ, ஊர்ச் சாவடியிலோ இருந்தன. சட்டப்படி பள்ளி எல்லாருக்கும் உரியது. ஆனால் சேரிப் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. பிள்ளையின் காலில் ஒரு குறையும் இல்லை. தெருதான் அந்தக் காலைச் செயலற்றதாக்கியது. இன்று இரண்டாம் மாடியில் தேர்வறையை வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும் தேர்வு பொதுவானதே என்று சொல்லும் கல்லூரியை நினைத்துக்கொண்டால் இந்தச் செயல்முறை விளங்கும்.

1916இல் ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1919 சீர்திருத்தத்தின்படி 1920இல் சென்னை சட்ட மேலவை விரிவாக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகள் நியமன முறையில் அவைக்குள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ராஜா முதன்மையானவர். நியமன இடம் என்பது அவைக்குள் நாற்காலி தரும்; ஆனால் வாக்காளரின் பலத்தைத் தராது. நீதிக்கட்சியோடு இணைந்து நின்ற ராஜா அந்த வேறுபாட்டை விரைவிலேயே உணர நேர்ந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தது. வரவேற்க வேண்டிய முன்னேற்றம் அது. நியமனத்தின் வலிமையையும் வரம்பையும் அறிய விரும்புவோர் ராஜாவின் 1920களைப் படிப்பது நல்லது.

பெயர் என்னும் உரிமை

1922இல் ராஜா மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் ஆகிய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியில் ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையிட்டது. ஒரு மக்கள்திரள் தன்னைப் பிறர் எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று தானே முடிவுசெய்து, அதை அரசின் பதிவேட்டிலும் ஏற்றிய நிகழ்வு அது. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் காலத்திலிருந்தே நடந்து வந்த பெயர் விவாதம் அவ்வகையில் ஓர் எல்லையை எட்டியது.

பல்பத்தாண்டுகளுக்குப் பிறகு, மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, ஊனமுற்றோர் என்ற சொல்லுக்கு மாற்றாக மாற்றுத்திறனாளிகள் என்ற சொல் தமிழ்நாட்டு அரசின் வழக்கில் வந்தது. இப்பெயரைப் பெருமிதத்தோடு ஏற்றவர்கள் உண்டு. பெயர் மாறினாலும் படிக்கட்டு மாறவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. இரு தரப்பும் சொல்வது உண்மை. ஆதிதிராவிடர் என்று பதிவேடு மாறிய பிறகும் ஊர்க்கிணறு திறக்கவில்லை. அதனால்தான் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் எல்லாரும் பயன்படுத்தும் உரிமைக்காக அதே மேலவையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பெயர் மாற்றம் முதற்படி. அதையே முழுவெற்றியாகக் கொள்ளாத தெளிவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

புளியந்தோப்பு

வடசென்னைக்காரர்களான நமக்கு ராஜாவின் வாழ்வில் மறக்கக் கூடாத ஆண்டு 1921. பின்னி ஆலைகள் என்று நாம் அழைக்கும் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் அவ்வாண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் பெருமளவில் வெளியே நின்றனர். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். முந்தைய வேலைநிறுத்தத்தின் பட்டினியைச் சுமந்தவர்கள் அவர்கள். தங்களைச் சமமாக நடத்தாத சங்கத்தை நம்பி மீண்டும் பட்டினி கிடக்க அவர்கள் ஆயத்தமாக இல்லை. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மோதல்களிலும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் உயிர்கள் போயின.

நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்கள் அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுவதே கலவரத்துக்குக் காரணம் என்று வாதிட்டனர். அரசுப் பணிகளில் பார்ப்பனரல்லாதாருக்கு இடம் ஒதுக்கிய ஆணையிலும் தம் மக்களுக்கு உரிய பங்கு இல்லை என்பது ராஜாவின் மனக்குறை. 1923இல் அவர் அக்கட்சியை விட்டு விலகினார்.

தொழிற்சங்க இயக்கத்தில் பணியாற்றும் தோழர்களுக்கு இந்த அத்தியாயம் கசப்பானது. நமக்கும் அப்படித்தான். ஆனால் ஓர் உண்மையை இது காட்டுகிறது. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே கூலி என்பதனால் மட்டும் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பதில்லை. புளியந்தோப்புக் கலவரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1923இல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. நெடுங்காலம் அதன் அட்டவணைப்படிதான் எண்ணூரிலும் மணலியிலும் கைவிரல் இழந்தவருக்கு வழக்கு நடத்தி வந்தோம். பெருவிரல் போனால் வருவாய் ஈட்டும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒரு கண் போய் மறு கண் நலமாக இருந்தால் 40 விழுக்காடு. அந்தக் கணக்கு தேவையானதே. அதில் வரும் தொகையை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும் அந்த இயந்திரத்தின் முன் யார் நிறுத்தப்படுகிறார், ஒப்பந்தக் கூலியாக அங்கே வந்து சேர்வது எந்தத் தெருவின் இளைஞர் என்பதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை. அதைக் கேட்பது வரலாற்றின் வேலை.

1928: ஒரே சுலோகத்தின் இரு பாதிகள்

1925இல் ராஜா ஒடுக்கப்பட்ட இந்துக்களின் நிலை குறித்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். 1927 முதல் மத்திய சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நியமன உறுப்பினராக இடம்பெற்றார். 1928இல் சைமன் குழுவோடு இணைந்து பணியாற்றிய இந்திய மத்தியக் குழுவிலும் உறுப்பினரானார்.

அவர் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்த 1928ஆம் ஆண்டில்தான் ஒரு சிறிய சட்டம் நிறைவேறியது. இந்து வாரிசுரிமை (டிசபிலிட்டி நீக்கம்) சட்டம் என்பது அதன் பெயர். நோய், உறுப்புக் குறைபாடு, உடல் அல்லது மனக் குறை ஆகிய காரணங்களுக்காக மட்டும் ஒருவருக்குக் குடும்பச் சொத்தில் பங்கு மறுக்கக் கூடாது என்றது அச்சட்டம். பிறவியிலேயே மனநோயோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உடையவர்களை மட்டும் அது வெளியே விட்டது. அந்த விலக்கும் நீங்க 1956 வாரிசுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தடை எங்கிருந்து வந்தது? மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம், 201ஆம் சுலோகம், சொத்தில் பங்கு பெறத் தகாதவர்களின் பட்டியலைத் தருகிறது. பிறவியிலேயே பார்வையற்றோர், செவித்திறனற்றோர், பேச இயலாதோர், மனநோயர், உறுப்பிழந்தோர் ஆகியோர் அதில் இருக்கின்றனர். அதே மூச்சில், சாதியிலிருந்து விலக்கப்பட்டவர்களும் இருக்கின்றனர். சாதி இழந்தவருக்குச் சொத்து மறுப்பதை 1850ஆம் ஆண்டின் சாதி டிசபிலிட்டிகள் நீக்கச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. உடற்குறை உடையவருக்குச் சொத்து மறுப்பதை 1928ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு நீக்கியது. ஒரே சுலோகத்தின் இரு பாதிகளை 78 ஆண்டு இடைவெளியில் இரு சட்டங்கள் கிழித்தன. இரண்டு சட்டங்களின் தலைப்பிலும் இருப்பது அதே சொல்.

ஒரு மறுப்பு இங்கே எழலாம். சட்ட மொழியில் டிசபிலிட்டி என்பது உரிமையைப் பயன்படுத்த முடியாத நிலையைக் குறிக்கும் பழைய கலைச்சொல். காலவரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்றும் சிறுவர்களையும் மனநோயரையும் அப்பெயரில்தான் குறிக்கிறது. ஆகவே இது வெறும் சொல் ஒற்றுமை என்று சொல்லலாம். கலைச்சொல் என்பதை ஏற்கிறோம். ஆனால் அந்தக் கலைச்சொல்லின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அது ஒருவரின் உடலில் உள்ள குறையை அளக்கவில்லை. அவர் செய்யக் கூடியதைச் செய்ய விடாமல் வழக்கமோ சட்டமோ வைத்த தடையைக் குறிக்கிறது. தமிழில் சாதியைப் பற்றி எழுதும்போது இதைத் தடை என்றும் தகுதியின்மை என்றும் எழுதுகிறோம். உடலைப் பற்றி எழுதும்போது ஊனம் என்றும் இயலாமை என்றும் எழுதுகிறோம். ஆங்கிலத்தைக் காதால் படித்த மாணவிக்குக் கேட்ட உறவு, தமிழில் படித்த நமக்குக் கேட்காமல் போனதற்கு இதுவே காரணம்.

உடன்பாடுகளும் ஏமாற்றங்களும்

1932இல் ராஜா எடுத்த முடிவு அவர் பெயரை இன்றுவரை தொடர்கிறது. தனித்தொகுதிக் கோரிக்கையில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உறுதியாக நின்றபோது, ராஜா இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டு, இட ஒதுக்கீட்டோடு கூடிய பொதுத்தொகுதியை ஆதரித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கையெழுத்தான பூனா உடன்படிக்கையில் அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் ஒப்பமிட்டனர். சாதி இந்துக்களின் வாக்குறுதியை ராஜா அளவுக்கு மீறி நம்பினார் என்பது நம் கருத்து. அந்த நம்பிக்கையின் விலையையும் அவரே கொடுத்தார்.

1937இல் சில மாதங்கள் நீடித்த இடைக்கால அமைச்சரவையில் அவர் சென்னை மாகாணத்தின் வளர்ச்சித்துறை அமைச்சராக இருந்தார். பின்னர் காங்கிரஸ் ஆட்சியில், சட்டமன்ற உறுப்பினராக, 1938இல் இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று அரசின் ஆதரவோடு நிறைவேறியது. அதுவே 1938ஆம் ஆண்டின் சென்னை சிவில் டிசபிலிட்டிகள் நீக்கச் சட்டம். பொதுப்பணி, பொதுக்கிணறு, நீர்நிலை, சாலை, பொது ஊர்தி போன்றவற்றைச் சாதியைக் காரணம் காட்டி மறுப்பதை அது தடைசெய்தது. மறுப்பவரைத் தண்டிக்கவும் வகைசெய்தது. அத்தகைய வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. சீனிவாசனின் 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் உரிமையாக இருந்தது, இந்தச் சட்டத்தில் மீறினால் குற்றம் என்று ஆனது.

மற்றொன்று கோயில் நுழைவு மசோதா. அதைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் இராஜாஜி கேட்டார்; மாகாணம் முழுவதற்கும் உரிய சட்டத்துக்குப் பதிலாக மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் என்ற வழியை அரசு தேர்ந்தது. ராஜா காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். இராஜாஜியை நம்புமாறே அவருக்கு அறிவுரை வந்தது. மசோதா தோற்றது. பூனாவில் கொடுத்த வாக்கு ஆறு ஆண்டுகளில் என்ன ஆனது என்பதை ராஜா தம் சொந்த மசோதாவின் தோல்வியில் கண்டார். அதற்குப் பின் அவர் காங்கிரசைக் கடுமையாக விமர்சித்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவை ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகச் சென்றனர். பத்தாண்டு மாறுபாட்டுக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கத்தில் நின்ற காட்சி அது. 1943 ஆகஸ்ட் 20 அன்று, 60ஆம் வயதில், ராஜா மறைந்தார்.

சொல் தொடர்ந்த வாழ்வு

ராஜாவுக்குப் பின் அந்தச் சொல் தொடர்ந்து வாழ்ந்தது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவை தீண்டாமை ஒழிப்பு உறுப்பை ஏற்றது. தீண்டாமையிலிருந்து எழும் எந்த டிசபிலிட்டியையும் ஒருவர் மேல் சுமத்துவது குற்றம் என்று இன்றைய 17ஆம் உறுப்பு சொல்கிறது. கடைகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் தொடர்பாகச் சாதியை வைத்து எந்த டிசபிலிட்டியையும் சுமத்தக் கூடாது என்கிறது 15ஆம் உறுப்பு. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 3ஆம் பிரிவின் தலைப்பில் சமய டிசபிலிட்டிகள் உள்ளன. 4ஆம் பிரிவின் தலைப்பில் சமூக டிசபிலிட்டிகள் உள்ளன. சுமத்துவது என்ற வினையைக் கவனியுங்கள். டிசபிலிட்டி ஒருவரிடம் இருப்பதில்லை. அவர் மேல் இன்னொருவர் சுமத்துகிறார்.

1976இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய ஓர் அமைப்பு, உடற்குறை வேறு, டிசபிலிட்டி வேறு என்று அறிவித்தது. உடற்குறை உள்ளவர்கள் மேல் சமுதாயம் சுமத்தும் விலக்கலே டிசபிலிட்டி என்பது அதன் வாதம். மைக் ஆலிவர் அதைச் சமூக மாதிரி என்று பெயரிட்டு வளர்த்தார். அமெரிக்காவில் இர்விங் சோலா போன்றோர் அதைப் பல்கலைக்கழகத் துறையாக்க உழைத்தனர். மருத்துவம் குணப்படுத்த வேண்டிய குறையாகவும், அறநிலையம் இரங்க வேண்டிய துன்பமாகவும் இருந்த ஒன்று, அப்போது வரலாறும் பண்பாடும் அடையாளமும் உடைய ஒரு மக்களின் கதையாகப் படிக்கப்பட்டது. 1938இல் சென்னையில் ராஜாவின் சட்டம் சாதியைக் குறித்துச் சொன்னதற்கும், 1976இல் லண்டனில் உடலைக் குறித்துச் சொன்னதற்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நாம் வாதிடவில்லை. இரண்டும் ஒரே தருக்கத்தை வந்தடைந்தன என்பதே நம் வாதம். அந்தத் தருக்கத்துக்கு இந்த மண்ணில் முன்வரலாறு உண்டு. நம் மாணவர்கள் அதை இறக்குமதிச் சரக்காகப் படிக்க வேண்டியதில்லை.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. சாதியில் பிறப்பது உடற்குறையன்று. தலித் உடலில் திருத்தவோ குணப்படுத்தவோ ஒன்றுமில்லை. மறுபுறம், உடலின் வலியும் சோர்வும் சமுதாயம் திருந்திய பிறகும் எஞ்சி நிற்கலாம். சாய்தளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மாற்றுத்திறனாளிகளுக்குள்ளும் சாதி உண்டு. வசதியான தெருவில் பிறந்த பார்வையற்றவரும் சேரியில் பிறந்த பார்வையற்றவரும் ஒரே பள்ளிக்குப் போவதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி ஓடினர். ஓட முடியாதவருக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இடமும் சாதியும் உடலும் எங்கே சந்திக்கின்றன என்பது தெரியும்.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது

நீதிமன்றங்கள் இந்தச் சந்திப்பைத் தாமதமாகவேனும் காணத் தொடங்கியிருக்கின்றன. உயர்கல்விச் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்குத் தரும் மதிப்பெண் தளர்வு மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது என்று 2020இல் ஆர்யன் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021 ஏப்ரலில், பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை பற்றிய பட்டான் ஜமால் வலி வழக்கில், சாதியும் பாலினமும் உடல்நிலையும் ஒன்றோடொன்று பின்னிப் பெருகும் ஒடுக்குமுறையை அந்நீதிமன்றம் விரிவாக விளக்கியது. ஆயினும் அதே வழக்கில், சாதியைக் காரணமாகக் கொண்ட குற்றம் என்பதற்குச் சான்று போதவில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. விளக்கத்தில் மூன்றும் பின்னியிருந்தன; தீர்ப்பில் ஓர் இழை பிரிந்து விழுந்தது. இழைகளைச் சேர்த்துப் பார்க்கப் பயின்ற காவலரும் வழக்கறிஞரும் நீதிபதியும் இருந்தால்தான் சான்று சேகரிப்பே மாறும். அந்தப் பயிற்சி வகுப்பறையில் தொடங்க வேண்டும்.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 39ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதை உறுதிசெய்யப் பணிக்கிறது. 47ஆம் பிரிவு, எல்லாப் பல்கலைக்கழகங்களும் இத்துறையில் கற்பித்தலையும் ஆய்வையும் ஊக்குவிக்க வேண்டும், ஆய்வு மையங்களும் அமைக்க வேண்டும் என்கிறது. எத்தனை மாணவர்களுக்கு இப்பிரிவு தெரியும்? எத்தனை பதிவாளர்களுக்குத் தெரியும்?

அந்த மாணவியின் கதைக்கு வருகிறோம். கல்லூரியில் சேரும்போது, பட்டியல் சாதி ஒதுக்கீடு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுமாறு அலுவலகத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சட்டப்படி தவறு. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டமானது. அதில் இடம் பெறுபவர் தம் சாதிப் பிரிவிலேயே கணக்கில் சேர்க்கப்படுகிறார். 1992இல் இந்திரா சாஹனி தீர்ப்பு தெளிவாக்கிய முறை இது. நாம் கடிதம் எழுதிய பின் இரண்டு மாதம் கழித்துப் பதிவு திருத்தப்பட்டது. எழுத்தரின் மனத்தில் தீமை இருந்ததாக நாம் எண்ணவில்லை. ஒருவர் தலித்தாகவும் பார்வையற்றவராகவும் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. அவர் படித்த பாடத்திலும் அப்படி ஒரு மனிதர் வந்ததில்லை.

ஆகவே மாணவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறோம். முதலாவது, 47ஆம் பிரிவின்படி உங்கள் பல்கலைக்கழகம் இதுவரை என்ன செய்திருக்கிறது, எந்தத் துறையில் எந்தத் தாள், எவ்வளவு நிதி என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு செய்யுங்கள். ஒரு பக்க மனு போதும். இரண்டாவது, அந்தத் தாள் வரும்போது அதன் முதற்பாடம் வெளிநாட்டுக் கோட்பாடாக மட்டும் இருக்க விடாதீர்கள். 1850, 1928, 1938, 1955 ஆகிய நான்கு சட்டங்களை வரிசையாக வைத்துப் படிக்கக் கேளுங்கள். அந்த வரிசையின் நடுவே ராஜாவின் வாழ்க்கையையும் வையுங்கள், அவருடைய தவறான கணிப்புகளோடும் தோற்ற மசோதாவோடும் சேர்த்து.

மாதவரத்தில் நாம் சொன்ன விடையை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருத்திக்கொண்டோம். 17ஆம் உறுப்பு பார்வையின்மையைப் பற்றிப் பேசவில்லை என்பது இன்றும் உண்மை. 15ஆம் உறுப்பு விலக்கும் காரணங்களின் பட்டியலில் உடல்நிலை இடம்பெறவில்லை என்பதும் உண்மை. அந்தக் குறைக்காகப் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் தமக்கும் பங்கு உண்டா என்று அவர் கேட்டாரே, அதற்கு விடை ஆம் என்பதுதான். முதல் தகவல் மனுவை அவரே கைப்பேசியில் சொல்லி எழுதி, தம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும்.